பேர் வெட்டிய சொம்பு

15 நாள் லீவில் முதல் நாலு நாள் நான் தூரிகையைத் தொடவே இல்லை. சாமான்களை நகர்த்திக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு தேங்காய் மூடி, இரண்டு விரலி மஞ்சள். சொம்பை வைப்பேன். எட்டடி தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன். எழுந்து வந்து ஒரு விரற்கடை நகர்த்துவேன். மறுபடி போய் உட்காருவேன். நாலாம் நாள் பொழுதோட, எனக்குப் பின்னால் வாசப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அமுச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தச் சொம்பு எங்காச்சும் ஓடியா போயிரும்? இப்படிக் காவலுக்கு உக்காந்திருக்கற?"

கொங்குப் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அப்புச்சி அவர் வீட்டுக்காரர். ஊர் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில். நான் இருப்பது திருப்பூரில். ஒரு சாயப்பட்டறையின் லேபில் கலர் மேட்சிங் பார்க்கிறேன். பையர் அனுப்பும் துணித் துண்டில் இருக்கிற கலரை நம் துணியில் கொண்டுவர வேண்டும். சின்னத் துண்டில் சாயம் ஏற்றி, லேப் டிப் என்று சாம்பிள் போட்டு அனுப்புவோம். சிவப்பு கொஞ்சம் குறையட்டும் என்று திரும்பி வரும். மறுபடி போடுவோம். வாரத்தில் ஆறு நாள் கலரோடு மாரடிக்கிறவள் ஏழாவது நாளும் எதற்கு பெயிண்ட் டியூபைப் பிதுக்குகிறாள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஓவியக் கல்லூரிக்கெல்லாம் போனவள் இல்லை. ஒரு டிராயிங் மாஸ்டரிடம் ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டதுதான்.

இப்படிச் சாமான்களை வைத்து வரைகிற வகைக்கு அந்த மாஸ்டர் 'ஸ்டில் லைஃப்' என்றுதான் சொல்வார். தமிழில் 'அசையாப் பொருள் ஓவியம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் சார்பதிவாளர் ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது. டச்சுக்காரர்கள் வைத்த பெயருக்கு அசையாமல் கிடக்கும் வாழ்வு என்கிற மாதிரிப் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'செத்த இயற்கை' என்று வைத்துவிட்டார்கள். மரியாதையும் பெயருக்குத் தகுந்த மாதிரிதான். 1667இல் பிரெஞ்சு ஓவிய அகாடமியில் அந்த்ரே ஃபெலிபியன் என்பவர் ஓவியங்களுக்குப் பந்தி வரிசை போட்டார். புராணமும் சரித்திரமும் முதல் பந்தி. பழம், பூ, பாத்திரமெல்லாம் கடைசிப் பந்தி. அந்தக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஷார்தான், கொக்கியில் தொங்கும் திருக்கை மீன் படத்தைக் காட்டி 1728இல் அதே அகாடமிக்குள் உறுப்பினராகப் போய்விட்டார். பிற்பாடு, வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒரு செம்புத் தொட்டியை வரைந்தார். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தொட்டி. இன்றைக்கு பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செல்போன் திரையில் அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு அமுச்சி வீட்டுச் சொம்பு நினைவுக்கு வந்தது.

சாதாரணச் சொம்புதான். அமுச்சியின் கல்யாணச் சீரில் வந்தது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அமுச்சியின் பெயர், பக்கத்தில் 1961. வயிற்றில் ஒரு நசுங்கல் உண்டு. அப்புச்சி தோட்டத்துக் கிணற்று மேட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் கைதவறவிட்டு, பாதாளக் கரண்டி போட்டு அரை நாள் துழாவி எடுத்த சொம்பு. அந்த நசுங்கலைத் தட்டி நேராக்க அமுச்சி ஒருநாளும் கொடுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் அட்டாலியில், அதாவது பரணில் கிடந்து, நிறம் கறுத்து, அங்கங்கே பச்சையும் பூத்திருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கறுப்புதான்.

முதல் சிக்கல் எதில் வந்தது தெரியுமா? மேசை. படங்களில் பார்க்கிற ஸ்டில் லைஃப் எல்லாமே மேசையின் மேல் இருக்கும். மேசை விளிம்பு ஒரு கோடாக ஓடும், அதற்குப் பின்னால் சுவர், நடுவில் சாமான்கள். அமுச்சி வீட்டில் மேசையே கிடையாது. எங்கள் பாத்திரங்களுக்கு இரண்டே இடம்தான், தரை அல்லது அட்டாலி. தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் சொம்பை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். வட்டமான வாய், உள்ளே இருட்டு, இருட்டுக்குள் தண்ணீரின் மினுக்கம். சொம்பு என்றதும் எனக்கு மனதில் வருவது அந்த வட்டம்தான். சரி, அப்படியே வரைந்து பார்க்கலாம் என்று தரையில் வைத்து நின்றபடி ஒரு ஸ்கெட்ச் போட்டேன். ஒன்றையொன்று மறைக்காமல், தனித்தனி வட்டங்களாக, வீடு கட்ட பிளான் போட்ட மாதிரி வந்தது. அட்டாலியில் வைத்து அண்ணாந்து பார்த்துப் போட்டதில் சொம்பின் அடிப்பாகம்தான் பெரிதாகத் தெரிந்தது, திருவிழாவுக்குக் கட்டிய மைக்செட் மாதிரி. கயிற்றுக் கட்டிலில் வைத்தேன், கயிறு தொய்ந்து சொம்பு சாய்ந்தது.

கடைசியில் அமுச்சியின் கல்யாணப் பெட்டியை ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) இழுத்து வந்தேன். இரண்டடி உயர மரப்பெட்டி, பழைய தேக்கு. அதன் மேல் சொம்பை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், சொம்பின் வாய் என் கண்ணுக்குக் கொஞ்சமே கீழே இருந்தது. வாய் ஒரு மெல்லிய நீள்வட்டமாக ஒடுங்கிவிட்டது. அதுவும் நாம் பழகிய பார்வைதான் என்று பிறகு தோன்றியது. தவழ்கிற வயதில் சொம்பு நமக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

பெட்டியை வைத்ததும் பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் பின்னால் தொங்கவிட்டேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக. ஒரு நாள் முழுக்க அதோடு போராடிவிட்டு எடுத்து மடித்து வைத்துவிட்டேன். ஜமுக்காளம் இருக்கிற இடத்தில் வேறு எதுவும் பேச முடியாது. ஒரு பூவன் சீப்பும் இருந்தது, அதையும் எடுத்தேன். லாந்தர் விளக்கு ஒன்றும் இருந்தது. அது 'பழைய காலம், பழைய காலம்' என்று கூவிக்கொண்டே இருந்ததால் முதலில் வெளியே போனதே அதுதான். எதைச் சேர்ப்பது என்று யோசித்ததைவிட, எதை எடுத்தால் மற்றது மூச்சு விடும் என்று பார்த்ததில்தான் பாதி நாள் போனது. மிஞ்சியது மூன்று வகைச் சாமான். தேங்காய் மூடி ஒரு பக்கமாக உருண்டுகொண்டே இருந்தது. அடியில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை அண்டைக் கொடுத்தேன். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் பழங்களுக்கு அடியில் இப்படித்தான் காசுகளைச் செருகிச் சாய்த்து நிறுத்துவாராம், கூட இருந்து பார்த்த இளம் ஓவியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். காசு தேவைப்படாத ஸ்டில் லைஃப் இருக்குமா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

இனி வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன்.

ஓவியம் சொல்லித்தரும் எல்லோரும் சொல்வது, வடக்குச் சன்னல். வடக்கிலிருந்து வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும், நேர் வெயில் வராது, அதனால் நாள் முழுக்க நிழல் மாறாமல் நிற்கும் என்பார்கள். எங்கள் லேபிலும் இதன் பேரன் ஒன்று இருக்கிறது. உட்சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு லைட் பாக்ஸ். அதில் டி65 என்று ஒரு விளக்கு, பகல் வெளிச்சத்துக்குப் பதிலாக, 6500 கெல்வின். டி.எல்.84 என்று இன்னொன்று, ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்காக. ஒரு விளக்கில் அச்சு அசலாக ஒத்துப்போகும் இரண்டு துணிகள் அடுத்த விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மெட்டாமெரிசம் என்பார்கள். அதற்காகவே எத்தனையோ ராத்திரி லேபில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அமுச்சி வீட்டு ஆசாரத்தில் வடக்குப் பார்த்து ஒரு சன்னல் இருக்கிறது என்றதும், கையில் டி65 கிடைத்துவிட்டது என்று ஒரே சந்தோஷம்.

மே மாதம் அது. காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால், சன்னலின் மேற்கு ஓரத்துச் சுண்ணாம்புச் சுவரில் பளீரென்று வெயில்! அது தெறித்து சொம்பின் வலப்பக்கம் முழுக்கத் தங்கமாக இறங்கியிருந்தது. பத்தரை மணிக்கு அது வடிந்து நீலம் வந்தது. சாயங்காலம் எதிர் ஓரத்தில் மறுபடி வெயில். எனக்கு ஒன்றும் புரியவில்லை, வடக்குச் சன்னலுக்கு எப்படி வெயில் வரும்? அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் மடத்தனம் புரிந்தது. அந்த விதி பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் சொன்னது. அங்கே கோடையில் விடியற்காலையிலும் அந்தியிலும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதோடு சரி, வேலை நேரத்தில் சூரியன் தெற்கேதான் இருக்கும். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகும். அந்த நாலு மாதமும் கொங்கு நாட்டில் வடக்குச் சன்னல்தான் வெயில் சன்னல். இதை அமுச்சியிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். "உத்தராயணத்துல பொழுது வடக்க சாயும், இதையத் தெரிஞ்சுக்க நீ காலேசுக்குப் போவோணுமாக்கும்?" என்றார்.

ஆக, பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரைதான் எனக்கு நிலையான வெளிச்சம். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அதிலும் கிழக்கு வாசல் கதவைச் சாத்தி வைக்கணும், இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் சொம்பின் உருளை வடிவம் தட்டையாகிவிடும். அமுச்சியிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "பொழுது விடிஞ்சு கதவைச் சாத்திக்கிட்டா ஊருக்குள்ள என்ன நெனைப்பாங்க? அதெல்லாம் ஆவாது." இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் சாத்திக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்து முடிந்தது.

ஐந்தாம் நாள் வரைய ஆரம்பித்தேன். 16க்கு 12 அங்குல கேன்வாஸ். முதலில் ரா அம்பர் என்கிற பழுப்பை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து முழுக்க ஒரு பூச்சு. வெள்ளைக் கேன்வாஸில் எதை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், கண் ஏமாறும். பிறகு அதே அம்பரில் கோடுகள். சொம்பு வரைவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வரைந்து பார்க்கட்டும். வாயின் நீள்வட்டம் ஒடுக்கம், வயிற்றருகே கொஞ்சம் அகலம், அடியில் இன்னும் அகலம், ஏனென்றால் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரியும். அத்தோடு நீள்வட்டத்தின் இரண்டு முனையும் கூர்மையாகவே கூடாது. எனக்கு எப்போதும் படகு முனை மாதிரி கூராகிவிடும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தால் தப்பு உடனே தெரியும். அன்று எட்டு முறை திருப்பினேன்.

அந்தக் கட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பேர் வெட்டிய பக்கத்தை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்துப் பார்த்தேன். படத்தில் எழுத்து ஒன்று இருந்துவிட்டால் நாம் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுகிறோம். 1961 என்று தெரிந்த அடுத்த நிமிஷம் சொம்பு போய்விடும், கதை வந்துவிடும். லாந்தரை எதற்காக எடுத்தேனோ அதே காரணம். பேரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். எனக்கு அது ரொம்பச் சரியான முடிவாகப் பட்டது. கொஞ்சம் பெருமையும்கூட.

தேங்காய் மூடியை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். உடைத்த பத்தாவது நிமிஷம் எறும்பு. ஒரு மணி நேரத்தில் விளிம்பு காய்ந்து சுருங்கும், மத்தியானத்துக்குள் வெள்ளை பழுக்க ஆரம்பிக்கும். அழுகுவதை முதலில், காய்வதை அடுத்து, உலோகத்தைக் கடைசியில் என்று வரிசை தானாக அமைந்துவிடுகிறது. முதல் தேங்காய் தோற்றது. அடுத்த நாள் இன்னொன்று உடைத்தேன், அதன் வளைவு வேறு. நாலு நாளில் நாலு தேங்காய். நாலு நாளும் வீட்டில் தேங்காய்ச் சட்டினி. மாமா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

நாலாவது தேங்காயில்தான் பிடி கிடைத்தது. நான் அதுவரை தேங்காய்ப் பருப்பை வெள்ளையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால், சொம்பின் தோளில் சன்னல் விழுந்து மின்னுகிற ஒரு புள்ளிதான் அந்த மொத்தக் காட்சியிலும் வெள்ளை. தேங்காய் அதற்குப் பக்கத்தில் கூட வரவில்லை. பாதி நிழலில் இருந்த அது உண்மையில் நீலம் கலந்த சாம்பல். டியூபில் இருந்து வரும் டைட்டானியம் வெள்ளையைச் சுத்தமாக ஒரே ஒரு இடத்தில்தான் வைப்பது என்று முடிவு செய்தேன், சொம்பின் தோளில். மற்ற எல்லா வெள்ளையும் ஏதாவது கலந்த வெள்ளை. அந்தச் சாம்பலை வைத்த உடனே தேங்காய் வெள்ளையாகிவிட்டது. லேபில் இதே வித்தையை வேறு மாதிரி தினமும் பார்க்கிறேன், பக்கத்துத் துணியை மாற்றினால் நடுத்துணியின் கலர் மாறும். ஆனால் அங்கே அது தொந்தரவு.

மஞ்சளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. ஈரோட்டு விரலி, மெருகு போடாதது. மேலே பார்த்தால் மண் நிறம். ஒன்றை ஒடித்து வைத்தேன், ஒடிந்த முகத்தில் மட்டும் ஆரஞ்சு எரிந்தது. மஞ்சளையே அரைத்து மஞ்சளை வரைந்தால் என்ன என்று ஒரு சினேகிதி கேட்டாள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வெயிலில் நிற்காது. சாயம் வெளுக்கிறதா என்று பார்க்க எங்களிடம் 1 முதல் 8 வரை ஒரு அளவுகோல் உண்டு, மஞ்சள் அதில் அடிமட்டத்தில் நிற்கும். சுண்ணாம்பு பட்டால் சிவந்தும் போகும், ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள். யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் போதும்.

சொம்புக்கு வந்தேன். பித்தளை மஞ்சள் என்று நாம் நினைக்கிறோம். கறுத்த பித்தளையில் மஞ்சளே கிடையாது. ஓக்கரில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தால் ஒரு பாசிப் பச்சை வரும், சொம்பின் முக்கால்வாசி அந்தப் பச்சைதான். நிழலில் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும். பெட்டியின் தேக்கு நிறம் அடிவயிற்றில் செம்பழுப்பாக மேலேறும். காட்மியம் யெல்லோ பட்டாணி அளவுகூடச் செலவாகவில்லை. கீழ் அடுக்கில் டர்பன்டைன் கூடுதல், மேலே போகப் போக எண்ணெய் கூடுதல், இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும். அந்தக் கறுப்புக்குள் சன்னல் மங்கலாக, அழுக்குத் தண்ணீரில் தெரிவது மாதிரித் தெரிந்தது. அந்த மங்கலை மூன்று நாள் வரைந்தேன். பத்தாம் நாள் முடிவில் சொம்பு கிட்டத்தட்ட முடிந்தது. தோளில் வைக்க வேண்டிய வெள்ளைப் புள்ளியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

பதினோராம் நாள் லேபிலிருந்து போன். ஒரு ஷேட் டி65இல் பாஸ், டி.எல்.84இல் அடி வாங்குகிறது, வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். பொழுது சாய வீடு திரும்பினால், ஆசாரத்தில் பெட்டி இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சொம்பு தகதகவென்று எரிகிறது.

மறந்தே போயிருந்தேன், மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டியிருந்தார்கள். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வருவார்கள், மாவிளக்கு எடுக்கணும், வீட்டிலிருக்கிற அண்டா, குண்டா, போசி எல்லாவற்றையும் அட்டாலியிலிருந்து இறக்கிப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) போட்டுப் புளியும் சாம்பலும் வைத்து விளக்கியிருக்கிறார்கள். அமுச்சிக்கு அன்றைக்கு ஒரே பெருமை. "அதைய மட்டும் கருக்கருக்குனு உட்டுட்டா நல்லாவா இருக்கும்? நீ படம் போடறதுனாலதான் இன்னொரு தேய் கூடத் தேச்சன். வெச்ச எடத்துலயே வெச்சுட்டன் பாரு." வைத்த இடத்தில்தான் வைத்திருந்தார், அதுவும் உண்மை. பேர் வெட்டிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நசுங்கல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாக. எட்டு நாளாக அவரும் சொம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

போச்சாது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பொடக்காளிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் மொராண்டி என்று ஒருவர் இருந்தார், 1964இல் இறந்தார். அதே பத்துப் பதினைந்து புட்டிகளையும் ஜாடிகளையும் வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தவர். தங்கைகள் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருந்தார். அந்தப் புட்டிகளில் தூசி படிந்து படிந்து அந்தத் தூசிதான் அவர் ஓவியங்களின் நிறம் என்பார்கள். மூன்று தங்கைகளில் ஒருத்திகூட ஒரு துணியை எடுத்துத் துடைக்கவில்லை! அந்த ஊரில் நோம்பி சாட்ட மாட்டார்கள் போலிருக்கிறது.

போனில் எடுத்த படம் இருந்தது. அதை வைத்து முடித்துவிடலாம் என்று முயன்றேன். போன் படத்தில் நிழலெல்லாம் ஒரே கறுப்பு, மின்னல் எல்லாம் ஒரே வெள்ளை, நடுவில் நான் மூன்று நாள் தேடிய பாசிப் பச்சை எங்கேயும் இல்லை. இன்னொரு வழி, காத்திருப்பது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் குறைவு, மறுபடி அந்த அளவுக்குக் கறுக்க எத்தனை மாதம் ஆகுமோ. ராத்திரி பத்து மணிக்கு பாலட் கத்தியை எடுத்து, சொம்பை மட்டும் சுரண்டினேன். அம்பர் சீக்கிரம் காயும், அது கேன்வாஸைப் பிடித்துக்கொண்டது. மேலே இருந்த மூன்று நாள் வேலை கத்தியில் பசையாக வழிந்து வந்தது. வெசனமாகத்தான் இருந்தது.

மீதி நாலு நாள். விளக்கிய பித்தளை வேறு ஒரு பொருள். புளி பட்டு லேசாக இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், இப்போது அது கண்ணாடி. சன்னல் மங்கலாக இல்லை, நாலு கம்பியும் எண்ணுகிற மாதிரி, வளைந்து, வாழைப்பூ மடல் மாதிரி தோளில் ஒட்டியிருந்தது. சுவர், கூரை விட்டம், ஆசாரம் மொத்தமும் ஒரு சாண் வயிற்றுக்குள் இருந்தது. நடுவில் கிழக்கு வாசல். சாத்தாத பாதிக் கதவு வழியாக ஒரு வெளிச்சப் பட்டை, அதை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது. என் தலை.

400 வருஷத்துக்கு முன்னால் ஆண்ட்வெர்ப் பக்கத்தில் கிளாரா பீட்டர்ஸ் என்று ஒருத்தி ஸ்டில் லைஃப் வரைந்தாள். அவளைப் பற்றித் தெரிந்தது ரொம்பக் குறைவு. ஆனால் 1612இல் வரைந்த ஒரு படத்தில், பொன்முலாம் கிண்ணத்தின் புடைப்புகளில் மிளகு அளவுக்கு அவள் முகம் இருக்கிறது, கையில் தூரிகையோடு. கிண்ணத்தை வரைந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவளும் வந்துதானே ஆக வேண்டும். 2016இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் அவள் படங்களை மட்டும் வைத்துக் காட்சி நடத்தியது. ஒரு பெண் ஓவியருக்கென்று அங்கே நடந்த முதல் காட்சி அதுதான். நானும் என் தலையை அம்பரில் ஒரு பொட்டாக வைத்தேன்.

தலைக்கு இடது பக்கம், கீழே, ஒரு வெள்ளைத் துணுக்கு இருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. வாசப்படியில் உட்கார்ந்திருக்கும் அமுச்சியின் சீலை. அப்புச்சி போன பிறகு வெள்ளைச் சீலைதான் கட்டுகிறார். காலை வெளிச்சம் முதுகில் பட்டு, சன்னலின் மினுக்கத்துக்குச் சமமாக, சில நேரம் அதைவிட மேலாகவும் எரிந்தது. சாம்பல் கலந்து வைத்துப் பார்த்தேன், செத்துப் போய்க் கிடந்தது. ஓக்கர் கலந்தேன், சரியில்லை. ஒரே இடத்தில்தான் சுத்த வெள்ளை என்று நானே போட்ட சட்டம். பன்னிரண்டரை மணி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அப்புறம் நாலாம் நம்பர் தூரிகையின் நுனியில் வெறும் வெள்ளையைத் தொட்டு இரண்டு தீற்றல். தோளில் வைக்க வேண்டியதைச் சன்னல் வெளிச்சமாக வைத்தேன், ஆனால் அதில் இப்போது கொஞ்சம் நீலம் கலந்திருந்தது.

பதினான்காம் நாள் மத்தியானம் கீழே வலது மூலையில், ஈரப் பெயிண்டில், தூரிகைக் காம்பால் என் பெயரைக் கீறினேன். எண்ணெய்ச் சாயம் காய நாளாகும் என்பதால் பெட்டியின் மேலேயே, சொம்புக்குப் பக்கத்தில் படத்தைச் சாய்த்து வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. மேல்பக்கம் இரண்டு தூசி ஒட்டியிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

அமுச்சி எழுந்து வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே நின்று படத்தைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வெள்ளைத் துணுக்கு யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூலையில் கீறியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"உன்ற பேரை வெட்டிக்கிட்ட. சொம்புல என்ற பேரு எங்க?"

"அது பின்பக்கம் இருக்குதுங் அமுச்சி."

"பின்பக்கம் இருந்தா யாரு சொம்புன்னு ஒருத்தருக்குத் தெரியும்? நாலு கண்ணாலத்துக்கு இரவல் போயிட்டு வந்த சொம்பு இது. பேரு இருந்ததுனாலதான் அத்தனை தடவையும் ஊடு வந்து சேந்துச்சு."

என்னிடம் இருந்த காரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். எழுத்து இருந்தால் கண் அங்கேயே போய்விடும் என்றேன். "போவட்டுமே" என்றார். திரும்பிப் போய் வாசப்படியில் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

மணி இரண்டு. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். பெட்டியருகே போய்ச் சொம்பை ஒரு விரற்கடை திருப்பினேன். இடது ஓரத்தில் நாலு புள்ளிகள் எட்டிப் பார்த்தன, 1961இன் கடைசி ஒன்று. எட்டடி தள்ளி வந்து உட்கார்ந்து பார்த்தேன். சொம்பைத் திருப்பினாலும் அதில் தெரிகிற சன்னல் நகராது, வாசல் நகராது, என் தலையும் நகராது. நகர்வது நசுங்கல் மட்டும்தான். அது இப்போது நேராக அமுச்சியின் வெள்ளைக்குள் போய் நின்றது. ஒரு அமுச்சி இரண்டு அமுச்சியாகத் தெரிந்தார், ஒருவர் நேராக, ஒருவர் தலைகீழாக, இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டு. நான் டர்பன்டைனில் துணியை நனைத்தேன்.